ஜேம்ஸ் ஹாக்: களவு போன நாக்கு

ஒரு சோஃபா கதை இருக்கிறது. ஸ்காட்லாந்து இலக்கிய வரலாற்றில் ஜேம்ஸ் ஹாக் என்ற பெயர் வந்தால் பின்னாலேயே இந்த சோஃபாவும் வந்துவிடும். ஆடு மேய்க்கிற ஹாக், எடின்பரோவில் வால்டர் ஸ்காட் வீட்டு விருந்துக்குப் போகிறார். சந்தைக்கு வந்த அதே உடுப்பு. கையில் ஆட்டுக்குப் பூசிய தாரின் கறை. ஸ்காட்டின் மனைவி உடம்பு சரியில்லாமல் ஒரு சோஃபாவில் சாய்ந்திருக்கிறார். வீட்டுக்காரம்மா செய்வதைப் பார்த்துச் செய்தால் தப்பு வராது என்று ஹாக்கும் எதிரே கிடந்த சோஃபாவில் நீட்டிப் படுத்துக்கொள்கிறார். அப்புறம் சாப்பாடு, குடி. போதை ஏற ஏற 'மிஸ்டர் ஸ்காட்' வெறும் 'ஸ்காட்' ஆகி, 'வால்டர்' ஆகி, கடைசியில் 'வாட்டி' ஆகிவிடுகிறார். அந்தம்மாவையும் 'சார்லட்' என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

இதை எழுதி வைத்தவர் ஸ்காட்டின் மருமகன் லாக்ஹார்ட். மாமனாரைப் பற்றி 1837இல் வெளிவரத் தொடங்கிய வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். ஹாக் செத்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. விருந்து நடந்தபோது லாக்ஹார்ட் சின்னப் பையன், பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் கதை நின்றுவிட்டது. ஒரு மனுசன் கிட்டத்தட்ட அறுபத்தைந்து வருசம் வாழ்ந்து, கவிதை, நாவல், சிறுகதை, நாடகம், பகடி, ஆட்டு நோய்களுக்கு வைத்திய நூல் என்று எழுதித் தள்ளியிருக்கிறான். கனவான்களுக்கு ஞாபகம் இருப்பது அவன் எந்த மெத்தையில் எப்படிப் படுத்தான் என்பது.

முதலில் இந்த சோஃபாவைத் தூக்கி வெளியே போடுவோம்.

ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில் எட்ரிக் என்ற மேய்ச்சல் பள்ளத்தாக்கு. 1770 டிசம்பரில் ஹாக்குக்கு ஞானஸ்நானம் நடந்ததாகக் கோயில் பதிவு சொல்கிறது. அவரோ, நான் 1772 ஜனவரி 25இல் பிறந்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜனவரி 25 கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாள். பதிவேடு பொய் என்றாலும் பரவாயில்லை, எனக்கு முன்னோடி யார் என்பதை நானே முடிவு செய்கிறேன் என்கிற திமிர் இது. எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்பா குத்தகை எடுத்து நொடித்துப்போனார். ஏழு வயசில் பையன் பக்கத்துப் பண்ணைக்கு மாடு மேய்க்கப் போனான். அரை வருசக் கூலி ஒரு பெட்டை ஆட்டுக்குட்டியும் ஒரு ஜோடி புதுச் செருப்பும். பள்ளிக்கூடம் போனது மொத்தமே ஆறு மாசம் என்று ஹாக்கே எழுதுகிறார். இருபது வயசை ஒட்டித்தான் எழுத்துக்களை ஒவ்வொன்றாக வரைந்து பார்த்து, மறந்துபோன எழுத்தை மறுபடி பழகினார். 1790 முதல் பத்து வருசம் பிளாக்ஹவுஸ் பண்ணையில் மேய்ப்பன். அந்தப் பண்ணைக்காரர் வீட்டுப் புத்தகங்கள்தான் அவருக்குக் கல்லூரி. 1797இல் அரைப் பைத்தியம் என்று ஊர் சொன்ன ஒருத்தன் மலைமேல் வந்து பர்ன்ஸின் நெடுங்கவிதை ஒன்றை ஒப்பிக்கிறான். ஹாக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்கிறார். பர்ன்ஸ் முந்தின வருசமே செத்துப்போனார் என்பது அப்போதுதான் தெரிகிறது.

அம்மா மார்கரெட் லெய்ட்லா. அந்தப் பள்ளத்தாக்கின் கதைப்பாடல்கள் எல்லாம் அவர் நெஞ்சுக்குள் இருந்தன. 1802இல் வால்டர் ஸ்காட் அங்கே வருகிறார். அப்போது அவர் நாவலாசிரியர் இல்லை; செல்கர்க் மாவட்டத்தின் ஷெரீஃப், அதாவது நீதி அதிகாரி. எல்லைப்புறப் பாடல்களைச் சேகரித்து அச்சடித்துக்கொண்டிருந்தார். கிழவி பாடிக் காட்டினார். பாடி முடித்துவிட்டு ஒரு குட்டும் வைத்தார். இதெல்லாம் பாடுறதுக்கு உண்டானது, படிக்கிறதுக்கு இல்ல. நீங்க அச்சுல போட்டு அதோட மாயத்தை உடைச்சிட்டீங்க, இனி யாரும் பாடப்போறதில்ல. போட்டதையும் ஒழுங்காப் போடல, எழுத்தும் தப்பு, அமைப்பும் தப்பு என்கிற மாதிரி. பின்னாளில், 1834இல், ஹாக் எழுதித்தான் இது நமக்குத் தெரியும். மகன் கொஞ்சம் மெருகு ஏற்றியிருக்கலாம். இருக்கட்டும். ஷெரீஃபின் முகத்துக்கு நேரே, அதிகாரத்தின் முகத்துக்கு நேரே, எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பாட்டுக்குச் சொந்தக்காரி ஒருத்தி வைத்த விமர்சனம் அது. நாட்டார் வழக்காற்றியல் என்ற பேரில் டேப் ரிக்கார்டர் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போகிற எல்லோரும் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டிய வாக்கியம்.

ஸ்காட் கெட்டவர் இல்லை. ஹாக்குக்கு உதவியிருக்கிறார், பதிப்பாளர் பிடித்துக் கொடுத்திருக்கிறார். நான் பேசுவது தனி மனுசரின் நல்ல குணத்தைப் பற்றி அல்ல. சேகரிக்கிறவனுக்கும் சேகரிக்கப்படுகிறவனுக்கும் நடுவில் இருக்கிற உறவு பற்றி. ஷெரீஃப் பாட்டை வாங்கினார், புத்தகம் போட்டார். அந்தப் புத்தகத்தில் கனவான்கள் எழுதிய 'நாட்டுப்பாடல் மாதிரி'களைப் பார்த்துவிட்டு, இதைவிட நல்லா நானே எழுதுவேனே என்று ஹாக் உட்கார்ந்தார். 1807இல் 'மலைப் பாணன்' என்ற தொகுப்பு வந்தது. அம்மாவிடம் இருந்ததை வேறொருத்தர் கொண்டுபோன பிறகு மகன் அதைத் தன் கையில் திரும்ப எடுத்த கதை இது.

*

இங்கே மொழி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்காட்ஸ் என்பது ஆங்கிலத்தின் கெட்டுப்போன வடிவம் அல்ல. இரண்டும் ஒரே பழைய மூலத்திலிருந்து பிரிந்த அக்கா தங்கைகள். (மலைப்பகுதியின் கேலிக் மொழி வேறு; குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்து ராஜாக்களின் அரண்மனை மொழி, சட்டசபை மொழி, பெரும் கவிஞர்களின் மொழி. 1560இல் மதச் சீர்திருத்தம் வந்தபோது ஆங்கிலத்தில் இருந்த பைபிளையே எடுத்துக்கொண்டார்கள். கடவுள் ஆங்கிலம் பேச ஆரம்பித்தார். 1603இல் ராஜா லண்டனுக்கு மூட்டை கட்டினார். 1707இல் பாராளுமன்றமும் போயிற்று. அரசும் கோயிலும் கைவிட்ட பிறகு அதே பேச்சுக்கு 'கிளைமொழி' என்று பேர்.

18ஆம் நூற்றாண்டு எடின்பரோவின் பெரிய அறிவாளிகள் செய்த வேலையைக் கேளுங்கள். தத்துவவாதி டேவிட் ஹ்யூம், தவிர்க்க வேண்டிய ஸ்காட்ஸ் வழக்குகளைப் பட்டியல் போட்டார். ஜேம்ஸ் பீட்டி அதற்கென்றே புத்தகம் போட்டார். 1761இல் தாமஸ் ஷெரிடன் என்ற அயர்லாந்து நடிகர் வந்து, சரியாக ஆங்கிலம் உச்சரிப்பது எப்படி என்று எடின்பரோவில் வகுப்பு எடுத்தார். வக்கீல்களும் பாதிரிகளும் காசு கொடுத்துப் போய் உட்கார்ந்தார்கள். ஐரோப்பாவுக்கே 'அறிவொளி' கொடுத்த நகரம் தன் நாக்கை நினைத்துக் கூசிக்கொண்டிருந்தது.

அப்படி வழித்து எறிந்த பேச்சு யாரிடம் மிஞ்சியது? மேய்ப்பனிடம், உழவனிடம், சமையல்காரியிடம், மீன்காரியிடம். மிஞ்சிய பிறகு துரைமாருக்கு அதன்மேல் ஒரு ஆசை வந்தது. 1786இல் பர்ன்ஸின் கவிதைகளைப் படித்த ஹென்றி மெக்கென்சி, வானமே பாடம் சொல்லிக்கொடுத்த உழவன் என்கிற பொருளில் ஒரு பட்டம் கொடுத்தார். பாராட்டுதானே என்று தோன்றும். வானம் கற்றுக்கொடுத்தது என்றால் அவன் படிக்கவில்லை, உழைக்கவில்லை, யோசிக்கவில்லை, அடித்துத் திருத்தவில்லை என்று அர்த்தம். அவன் கலைஞன் இல்லை, அதிசயம். மழை மாதிரி, காளான் மாதிரி. நம்ம விமர்சகர்கள் 'மண்வாசனை' என்று மூக்கை உறிஞ்சுவார்களே, அந்த மூக்கு எடின்பரோவில் அப்பவே இருந்தது.

1810இல் நாற்பது வயசில், பண்ணைத் தொழிலில் திவாலாகி, தோளில் கம்பளியோடு ஹாக் எடின்பரோவுக்கு வந்து சேர்கிறார், எழுதிப் பிழைக்க. வந்த வேகத்தில் 'ஒற்றன்' என்று சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை. ஒரு வருசம், 52 இதழ். அநாகரிகமாக எழுதுகிறான் என்று சந்தாதாரர்கள் கழன்றுகொண்டார்கள். பிறகு 1813இல் 'ராணியின் விழிப்பிரவு' வந்தது. அரசி மேரியின் அவையில் பாணர்கள் போட்டி போட்டுப் பாடுகிற நெடுங்காவியம். பேர் கிடைத்தது. 1816இல் 'கவிக் கண்ணாடி' என்று ஒரு பகடி நூல். பைரன், வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், ஸ்காட் எல்லாருடைய நடையிலும் எழுதி நக்கலடித்தார். அவர்களோடு சேர்த்துத் தன்னையும். ஆங்கிலத்தில் நீங்கள் போடுகிற எல்லா வேசத்தையும் நானும் போடுவேன் என்று காட்டியாச்சு. இதுக்கு மேலும் 'படிக்காத மேதை' என்றால் சொல்கிறவன்தான் படிக்காதவன்.

*

1817இல் 'பிளாக்வுட்ஸ்' மாத இதழ் தொடங்கியது. டோரிக் கட்சிக்காரர்களின் பத்திரிகை. ஜான் வில்சன், லாக்ஹார்ட் இரண்டு பேரும் அதன் முக்கிய எழுதுகோல்கள். வில்சன் பணக்கார ஆலை முதலாளியின் பிள்ளை, ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1820இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் அறவியல் பேராசிரியர் ஆனார். அறவியலில் அவர் அதுவரை எழுதியது ஒன்றுமில்லை. கட்சிதான் தகுதி. பாடக் குறிப்புகளுக்கு ஒரு நண்பரை நம்பியிருந்தார். லாக்ஹார்ட்டை வேறொரு காரியத்துக்காகவும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 1818இல் கவிஞர் கீட்ஸைப் பார்த்து, மருந்துக் கடைக்கே திரும்பிப் போ என்று எழுதியவர் அவர்தான். யார் எழுதலாம், யார் மருந்து மடிக்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிற இடத்தில் உட்கார்ந்திருந்த கூட்டம் அது.

ஹாக்கும் அந்தப் பத்திரிகையின் தொடக்கத்தில் கூட இருந்தவர். 1817 அக்டோபரில் பைபிள் நடையில் ஊரையே கிண்டல் செய்த ஒரு எழுத்து வந்து வழக்கு வரைக்கும் போனதே, அந்த யோசனையே அவருடையதுதான். மற்றவர்கள் அதை இழுத்து நீட்டினார்கள். அதிலேயே ஹாக் லெபனோன் காட்டின் பன்றியாக வருகிறார். ஆங்கிலக் காதுக்கு ஹாக் என்றால் பன்றி. மேய்ப்பர்களின் பேச்சில் அதே சொல், இன்னும் முதல் மயிர் கத்தரிக்காத இளம் செம்மறியைக் குறிக்கும். ஒரே சொல். கனவானுக்குப் பன்றி, ஆட்டுக்காரனுக்குக் குட்டி. எந்த அர்த்தம் அச்சில் ஏறியது என்று சொல்லவும் வேண்டுமா?

1821இல் ஹாக் தன் வாழ்க்கைக் குறிப்பை விரித்து வெளியிட்டார். ஆட்டுக்காரனுக்கு சுயசரிதையா! அந்த ஆகஸ்ட் மாத பிளாக்வுட்ஸில் வில்சன் கிழித்தார். எதை? நூலின் கருத்தையா? இல்லை. வாராத தலைமுடி, புகையிலை நாறும் கம்பளி, வாய் நிறையப் பல், ஒருத்தருக்கும் விளங்காத பேச்சு. இப்படிப்பட்ட ஒருத்தன் புத்தகக் கடையின் பின்கட்டில் நாகரிகமானவர்கள் இருக்கிற இடத்துக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும், கற்பனை செய்து பாருங்கள் என்று வாசகர்களை அழைத்தார். உடம்பு, உடுப்பு, வாசனை, நாக்கு. இந்த நாலையும் வரிசையாக எண்ணி ஒருத்தனை வாசலில் நிறுத்துகிற வித்தை எந்த ஊரில் கண்டுபிடிக்கப்பட்டதோ தெரியாது, எல்லா ஊரிலும் இருக்கிறது. இதை எழுதிய கை நண்பனின் கை. அதே பத்திரிகைக்கு அப்புறமும் ஹாக் எழுதிக்கொண்டிருந்தார். வேறு வழி இல்லை, பால் கறக்கிற மாடு அது ஒன்றுதான்.

அடுத்த வருசம் தொடங்கியதுதான் பெரிய களவு. 'அம்புரோஸ் இரவுகள்' என்ற தொடர். 1822 முதல் 1835 வரை 71 பகுதிகள். எடின்பரோவில் அம்புரோஸ் என்பவரின் மதுக்கடை. கனவான்கள் சிப்பியும் விஸ்கியுமாக உட்கார்ந்து உலகத்தைப் பேசுகிறார்கள். நடுநாயகமாக 'மேய்ப்பன்'. அவன் வாயைத் திறந்தால் கொழுத்த ஸ்காட்ஸ். குடிப்பான், தின்பான், பீற்றுவான், திடீரென்று கவிதையாகப் பொழிவான், மறு நிமிசம் கோமாளி ஆவான். வாசகர்கள் உயிரை விட்டார்கள். மேய்ப்பன் என்றால் ஹாக் என்று எல்லாருக்கும் தெரியும். எழுதியவர்? பெரும்பாலும் வில்சன்.

நன்றாக யோசியுங்கள் தோழர்களே. உயிரோடு இருக்கிற ஒரு எழுத்தாளனின் பேரை, உருவத்தை, அவன் அம்மாவிடம் கற்ற பேச்சை எடுத்து, பேராசிரியர் ஒருவர் பதிமூன்று வருசம் பொம்மலாட்டம் நடத்துகிறார். அந்தப் பொம்மையின் பேச்சு அச்சில் வருகிறது. அதே காலத்தில் உண்மையான ஹாக் அனுப்புகிற கதைகளை அதே பத்திரிகை பலமுறை திருப்பி அனுப்புகிறது. ஸ்காட்ஸ் வேண்டும், ஆனால் ஸ்காட்ஸ்காரன் வேண்டாம். பேச்சு ருசியாக இருக்கிறது. பேசுகிறவன் சொந்தமாக யோசித்தால் கசக்கிறது. 1832இல் லண்டன் போன ஹாக்கை விருந்து வைத்துக் கொண்டாடினார்கள். அவர்கள் பார்க்க வந்தது பொம்மையை.

வங்கி கவுண்ட்டரில் உட்கார்ந்து அடுத்தவன் பணத்தை எண்ணுகிறவன் நான். எது யார் கணக்கில் வரவாகிறது என்று பார்க்கிற புத்தி விடாது. இந்தக் கணக்கைப் பாருங்கள். 'அம்புரோஸ் இரவுகள்' வில்சனின் மருமகன் ஃபெரியர் பதிப்பித்த 'வில்சன் படைப்புகள்' (1855-58) தொகுதிகளில் இருக்கின்றன. மேய்ப்பனின் அத்தனை ஸ்காட்ஸ் பேச்சும் பேராசிரியர் கணக்கில் வரவு. ஹாக்கின் கணக்கில் என்ன எழுதினார்கள்? குடிகாரன், தற்பெருமைக்காரன், நல்ல மனசுள்ள காட்டான். நாக்கு ஒருத்தனுடையது, பாஸ்புக் இன்னொருத்தனுடையது.

*

ஹாக் பதில் சொல்லவில்லையா? சொன்னார். 1824இல், பேர் போடாமல், லண்டனில் அச்சான ஒரு நாவலில்.

'நீதிமானாக்கப்பட்ட பாவி ஒருவனின் அந்தரங்க நினைவுகளும் ஒப்புதல்களும்.' ஆங்கில இலக்கியம் எடுத்த மாணவத் தோழர்கள் சிலர் பாடத்திட்டத்தில் இந்தப் பேரைப் பார்த்திருக்கலாம். இரட்டை ஆளுமை, பேய்க்கதை, உளவியல் என்று குறிப்பு கொடுப்பார்கள். கதை இதுதான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். ராபர்ட் ரிங்கிம் என்ற இளைஞன். கடவுளால் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன செய்தாலும் மீட்பு தவறாது என்று நம்புகிற கடும் கால்வினிய வீடு. நீயும் தேர்ந்தெடுக்கப்பட்டவன்தான் என்று அவனுக்கு உறுதி சொல்லப்படுகிற அன்றே ஒரு அந்நியன் எதிர்ப்படுகிறான், கில்-மார்ட்டின். நீ என்ன செய்தாலும் பாவம் ஒட்டாதே, அப்புறம் என்ன, பாவிகளைத் தீர்த்துக்கட்டு என்கிறான். ஒரு போதகர் சாகிறார். சொந்த அண்ணன் சாகிறான்.

கில்-மார்ட்டின் சாத்தானா, மனப்பிரமையா? விமர்சகர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உடைக்கட்டும். நான் வேறொன்றைக் கேட்கிறேன். இந்த நாவலில் யார் என்ன மொழி பேசுகிறார்கள்? கில்-மார்ட்டின் பேசுவது மெருகேறிய ஆங்கிலம். பாவியின் வாக்குமூலம் ஆங்கிலம். பாவியின் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்து, முன்னும் பின்னும் விளக்கம் எழுதுகிற 'பதிப்பாசிரியர்' எழுதுவது எடின்பரோ கனவானின் ஆங்கிலம். ஸ்காட்ஸ் யாருக்கு? வேலைக்காரர்களுக்கு.

அந்த வேலைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஜான் பார்னட், பாதிரியின் வேலையாள். பையன் ராபர்ட்டின் முகம் பாதிரியின் முகம் மாதிரியே இருக்கிறதே என்று ஊரே முணுமுணுக்கிறதைப் பையனிடமே சொல்லிவிடுகிறான். விசாரணை வைத்த பாதிரியிடம் சரிக்குச் சரி பேசிவிட்டு, நீ என்ன என்னை அனுப்புறது என்று தானே கிளம்புகிறான். பெஸ்ஸி கில்லீஸ், வேலைக்காரி. நீதிமன்றத்தில் திருட்டுச் சாமான்களைக் காட்டி, இது உன் எஜமானியுடையதா என்று கேட்கிறார்கள். ஒரு மாதிரி இருந்தா அதுவேன்னு ஆகிடுமா என்கிற ரீதியில் பிடி கொடுக்காமல் பேசிச் சட்டத்தின் வாயை அடைக்கிறாள். அதனால் காப்பாற்றப்படுகிற பெண் பெல் கால்வர்ட். உடம்பை விற்றுப் பிழைக்கத் தள்ளப்பட்டவள். கொலையைக் கண்ணால் பார்த்த சாட்சி அவள்தான்.

அப்புறம் சாமுவேல் ஸ்கிரேப். எனக்கு இந்த நாவலிலேயே பிடித்த ஆள். எஜமானே, உன்னோட சுத்துறது பிசாசுன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாங்க என்று போட்டு உடைக்கிறான். கூடவே ஆக்டர்மக்டி என்ற ஊரின் கதையைச் சொல்கிறான். பக்தியில் பேர்போன அந்த ஊருக்கு யாரும் அறியாத ஒரு போதகர் வருகிறார். இடி மாதிரிப் பிரசங்கம். ஊரே மயங்கிக் கிடக்கிறது. ராபின் ருத்வன் என்ற ஒருத்தன், காக்கைகள் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்டவன், எல்லார் முன்னாலும் போய்ப் போதகரின் அங்கியைத் தூக்கிக் காட்டுகிறான். உள்ளே பிளந்த குளம்பு! கதை முழுக்க ஸ்காட்ஸ். இறையியல் படித்த ரிங்கிம் தன் பக்கத்தில் நடக்கிறவன் யார் என்று தெரியாமல் அழிகிறான். சம்பளத்துக்கு இருக்கிற ஸ்கிரேப்புக்கு அங்கியைத் தூக்கிப் பார்க்கத் தெரிகிறது. வில்சன் வகையறா சிரிப்பு மூட்டுவதற்கு வைத்திருந்த மொழியில் ஹாக் உண்மையை வைத்தார்.

கடைசியில் ஒரு காரியம் செய்தார். நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பு வருகிறது. 1823 ஆகஸ்ட் பிளாக்வுட்ஸில் நிஜமாகவே ஹாக் ஒரு கடிதம் எழுதியிருந்தார். எட்ரிக் மலையில், தற்கொலை செய்துகொண்டவன் ஒருத்தனின் உடம்பு நூறு வருசம் கழித்தும் கெடாமல் கிடக்கிறது என்று. நாவலின் முடிவில் 'பதிப்பாசிரியர்' அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு லாக்ஹார்ட்டையும் சேர்த்துக்கொண்டு கல்லறை தோண்டக் கிளம்புகிறார். வழி காட்ட ஆள் வேண்டுமே? ஆட்டுச் சந்தையில் ஹாக்கைப் பிடிக்கிறார்கள். ஆமாம், நாவலுக்குள் ஹாக்கே வருகிறார். மேய்ப்பன் உடுப்பில், ஸ்காட்ஸ் பேச்சில். விற்க ஆடு நிற்கிறது, எனக்கு ஆயிரம் சோலி இருக்கு, நூறு வருசத்து எலும்பைத் தோண்ட நான் வரலை என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுகிறார். வேறொரு மேய்ப்பனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் கடிதத்தில் சொன்ன இடத்தில் கல்லறையே இல்லை, வேறு மலையில் இருக்கிறது. கனவான்கள் தோண்டுகிறார்கள். பிணத்தின் உடுப்பையும் தொப்பியையும் உருவுகிறார்கள். கையெழுத்துப் பிரதி கிடைக்கிறது. படித்துவிட்டு, எனக்கு ஒண்ணும் புரியவில்லை என்று பதிப்பாசிரியரே ஒத்துக்கொள்கிறார்.

அம்மாவின் பாட்டைத் தோண்டிக்கொண்டு போனார்கள். மகனின் நாக்கைத் தோண்டிக்கொண்டு போனார்கள். அந்தத் தோண்டுகிற கூட்டத்தையே நாவலுக்குள் இழுத்து, மண்வெட்டியோடு நிறுத்தி, தான் மட்டும் வழி காட்ட மறுத்துவிட்டு நடக்கிறார் ஹாக். 'மேய்ப்பன்' பொம்மை அம்புரோஸ் கடையில் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் பேசிக்கொண்டிருந்த அதே வருசங்களில் இந்த மறுப்பு எழுதப்பட்டது. எழுத்தில் மட்டுமல்ல. 1821இல் நான்காம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்கு ஸ்காட் அழைத்தபோது, செயின்ட் பாஸ்வெல்ஸ் ஆட்டுச் சந்தை இருக்கிறது என்று வராமல் இருந்த மனுசன் இவர்.

*

இதைப் படித்துவிட்டு ஹாக்கைத் தோளில் தூக்க வேண்டாம். அவர் புரட்சிக்காரர் அல்ல. அரசியலில் டோரி. 1815 முதல் பக்ளூ பிரபு கொடுத்த ஆல்ட்ரைவ் பண்ணையில் வாடகை இல்லாமல் இருந்தவர். ஸ்காட்டிடம் கோபித்துக்கொண்டு, பிறகு ஸ்காட்டுக்காக உருகியவர். பொம்மையின் புகழைத் திட்டினார், அதில் கொஞ்சம் குளிரும் காய்ந்தார். அவருடைய பக்கங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலம்தான். இன்னொன்று: அங்கே நடந்தது வர்க்கமும் மொழியும். சாதி இல்லை. ஸ்காட் வீட்டு சோஃபாவில் ஹாக் படுத்ததைச் சிரித்தார்கள். சோஃபாவைக் கழுவவில்லை, அவரை அடிக்கவில்லை. அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு நம்மாளு என்று சொந்தம் கொண்டாடுவது சோம்பேறித்தனம்.

ஆனால் ஒரு இடத்தில் அவர் வளையவே இல்லை. 1818இல் 'பாட்ஸ்பெக் பிரவுனி' என்று ஒரு நாவல். மன்னரின் மதத்தை ஏற்க மறுத்து, மலைகளில் ஒளிந்து வாழ்ந்த உடன்படிக்கைக்காரர்களைப் பற்றியது. அவர்களை வேட்டையாடிய தளபதி கிளேவர்ஹவுஸ். ஸ்காட் தன் நாவலில் அந்தத் தளபதியை வீரக் கனவானாகக் காட்டியிருந்தார். ஹாக் கொலைகாரனாகக் காட்டினார், விவசாயிகளின் ஸ்காட்ஸ் பேச்சில். இது பொய்யான சித்திரம், நியாயமில்லை என்று ஸ்காட் கடிந்துகொண்டார். நான் பிறந்ததிலிருந்து கேட்டு வந்த வரலாறு இதுதான் என்றார் ஹாக். ஒருத்தருக்கு ஆவணம், இன்னொருத்தருக்குப் பாட்டி வாய். ஷெரீஃபின் வரலாற்றுக்கு அச்சில் இருக்கிற மதிப்பு பாட்டி வரலாற்றுக்கும் உண்டு என்று 1818லேயே ஒருத்தன் சண்டை போட்டிருக்கிறான்.

1835 நவம்பர் 21இல் ஹாக் ஆல்ட்ரைவில் செத்தார். வேர்ட்ஸ்வொர்த் இரங்கற்பா எழுதினார். 1860இல் செயின்ட் மேரி ஏரிக்கரையில் சிலை வைத்தார்கள், கையில் மேய்ப்பன் கோலோடு. சிலை வைக்கிற கைதான் வெட்டவும் செய்தது. 1837இல் வந்த தொகுப்பில் 'பாவி' நாவலைக் கண்டதுண்டமாக வெட்டி, பேரையும் மாற்றினார்கள். எடின்பரோவின் விபச்சாரத்தையும் 1746 கல்லோடன் போருக்குப் பின் நடந்த படுகொலைகளையும் எழுதிய 'பெண்ணின் மூன்று ஆபத்துகள்' (1823) தொகுப்புகளில் சேர்க்கப்படவே இல்லை. 1995 வரை மறுபதிப்பு கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜார்ஜ் செய்ன்ட்ஸ்பரி என்ற பெரிய விமர்சகர், 'பாவி' இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இதில் லாக்ஹார்ட்டின் கை இருக்க வேண்டும் என்று எழுதினார். பாருங்கள்! வில்சன் எழுதியதை ஹாக் பேசியதாக உலகம் நம்பியது. ஹாக் எழுதியதை லாக்ஹார்ட் எழுதியதாகச் சந்தேகப்பட்டது. 1947இல் பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே ஜீத் முன்னுரையோடு நாவல் வந்த பிறகுதான் ஆங்கில விமர்சகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பழைய கதை என்று யாராவது சொன்னால் 1994ஐ ஞாபகப்படுத்துங்கள். கிளாஸ்கோவின் ஜேம்ஸ் கெல்மனுக்கு புக்கர் பரிசு. தொழிலாளி வர்க்கப் பேச்சு. முக்கியமாக, பாத்திரங்கள் மட்டுமல்ல, கதைசொல்லியும் அதே பேச்சில். நடுவர் ஒருவரே இது அவமானம் என்றார். லண்டன் பத்திரிகை ஒன்றில் இலக்கிய நாசவேலை என்று எழுதினார்கள். என் பண்பாட்டுக்கும் என் மொழிக்கும் இருக்க உரிமை உண்டு என்று கெல்மன் மேடையில் சொல்ல வேண்டியிருந்தது. மேற்கோள் குறிக்குள் நீ என்ன மொழி வேண்டுமானாலும் பேசிக்கொள், குறிக்கு வெளியே, கதை சொல்கிற இடத்துக்கு, வராதே. இதுதான் சட்டம். ஹாக் இந்தச் சட்டத்தை உள்ளிருந்து கேலி செய்தார்: வெளியே நிற்கிற ஆங்கிலக் கதைசொல்லியை ஒன்றும் புரியாதவனாக ஆக்கினார். கெல்மன் குறியையே தூக்கி எறிந்தார். 2011 கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஸ்காட்ஸ் பேசுவோம் என்றார்கள். 2025இல்தான் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் கேலிக்கோடு ஸ்காட்ஸுக்கும் அதிகாரபூர்வத் தகுதி கொடுத்துச் சட்டம் போட்டது. மார்கரெட் லெய்ட்லா ஷெரீஃபைக் கண்டித்து 223 வருசம் கழித்து.

படிக்க விரும்புகிற தோழர்களுக்கு: 1995இல் தொடங்கி ஸ்டிர்லிங், தென் கரோலினா பல்கலைக்கழகங்களின் கூட்டில் வந்த பதிப்புதான் வெட்டில்லாதது. மலிவுப் பிரதி வாங்கினால் 1824 பாடமா, வெட்டிய பாடமா என்று பார்த்து வாங்குங்கள். முன்னுரையில் சோஃபா வந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். ஸ்காட்ஸ் கண்ணுக்குப் புரியாது, வாய்விட்டுப் படித்தால் காதுக்குப் புரியும். சாமுவேல் ஸ்கிரேப் பேசுகிற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.